நிறத்துக்கும் அயல் உண்டு

நான் யாழ்ப்பாணத்தில் அச்சு வடிவமைப்பைத் தொழிலாகத் தொடங்கிய இரண்டாவது வருடத்தில், 2011ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், நான் வடிவமைத்த திருமண அழைப்பிதழ் ஒன்றின் 400 பிரதிகளும் ஒன்றுகூடக் குறையாமல் என்னிடமே திரும்பி வந்தன. மணமகள் ரொறன்ரோவில் வளர்ந்தவர். தடித்த வெள்ளை மட்டையில், மெல்லிய கறுப்பு எழுத்தில், ஓரத்தைச் சுற்றி மயிரிழை போன்ற ஓர் ஊதாக் கோட்டுடன் அழைப்பிதழ் அமைய வேண்டும் என்று மின்னஞ்சலில் மாதிரி அனுப்பியிருந்தார். கொழும்பில் படித்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்த எனக்கு, சிவப்பும் மஞ்சளும் பொன்னும் அப்பிக் கிடந்த வழக்கமான அழைப்பிதழ்களுக்கு நடுவே அந்த அடக்கம் மிகவும் பிடித்துப்போயிற்று. வேறு எவருக்கும் காட்டாமலே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்கு அச்சான கட்டுகளை நானே கொண்டுபோனேன். மாப்பிள்ளையின் அம்மம்மா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். ஒன்றை எடுத்துத் தூரப்பிடித்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, மிகுந்த இரக்கத்தோடு கேட்டார்: "ஆர் மோனை மோசம் போனது?"

அந்தக் கேள்விக்குப் பிறகு பேச எதுவும் இருக்கவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் மின்கம்பங்களிலும் மதில்களிலும் ஒட்டப்படும் அறிவித்தல், கடைகளின் முன்னால் தொங்கும் கண்ணீர் அஞ்சலி, 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தவர்களின் கையில் கொடுக்கப்படும் கல்வெட்டு ஆகிய மூன்றும் வெள்ளை, கறுப்பு, ஊதா என்ற இந்த மூன்று நிறங்களிலேயே பெரும்பாலும் அச்சாகின்றன. வெளியூர் வாசகருக்காக ஒன்று சொல்ல வேண்டும்: யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்பது கல்லில் வெட்டியது மட்டுமன்று, இறந்தவரின் வரலாறும் தேவாரமும் புலம்பற் பாக்களும் வம்சாவளியும் அடங்கிய சிறு புத்தகத்துக்கும் அதுவே பெயர். எந்த அச்சகத்துக்கும் அது முக்கியமான வருமானம். நான் அந்த வருடத்தில் மட்டும் எத்தனையோ கல்வெட்டுகளை இதே நிறங்களில் செய்திருந்தும், அழைப்பிதழில் அவற்றைக் கண்டபோது என் கண்ணுக்கு அவை வேறாகத் தெரிந்தன. என் செலவில் மஞ்சள் மட்டை வாங்கி, அரக்குச் சிவப்பு எழுத்தில் நான்கு நாட்களுக்குள் மறுபடியும் அச்சிட்டுக் கொடுத்தேன். அம்மம்மா ஒவ்வொன்றின் நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்தார்.

பிழை வெள்ளையில் இருந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதே திருமணத்தில் மாப்பிள்ளை உடுத்திருந்தது வெள்ளைப் பட்டு வேட்டி. சபையில் இருந்த ஆண்களில் பாதிப்பேர் வெள்ளை. மணவறையின் மல்லிகையும் வெள்ளை. அந்த வெள்ளைக்கு அருகில் மஞ்சளும் குங்குமமும் கூறைச் சேலையின் சிவப்பும் இருந்தன. என் வெள்ளைக்கு அருகில் கறுப்பும் ஊதாவும் இருந்தன. ஒரு காணியை வாங்குவதற்கு முன் அயல் எப்படி என்று விசாரிப்பது எங்கள் ஊர் வழக்கம். நிறத்தை எடுப்பதற்கு முன்னும் அதைச் செய்ய வேண்டும் என்று அந்த 400 மட்டைகள் எனக்குச் சொல்லித் தந்தன.

பின்னாளில், இதே சிக்கலை வேறொரு வடிவில் ஒருவர் ஏறத்தாழ இருநூறு வருடங்களுக்கு முன்னர் எதிர்கொண்டிருக்கிறார் என்று படித்தேன். பிரான்சிய வேதியியலாளர் செவ்ரல், பாரிசில் உள்ள கோபலின் திரைச்சீலை நெசவாலையின் சாயப் பகுதிக்கு 1824இல் பொறுப்பாளரானார். கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை என்று அவரிடம் முறைப்பாடு வந்தது. அவர் சாயத்தைச் சோதித்தார், சாயத்தில் குறையில்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்யப்பட்டபோதுதான் அந்தக் கறுப்பு வலுவிழந்து தெரிந்தது. பல வருடச் சோதனைகளுக்குப் பின் 1839இல் அவர் வெளியிட்ட நூல், அருகருகே வைக்கப்படும் இரு நிறங்கள் கண்ணில் ஒன்றையொன்று மாற்றுகின்றன என்பதை விதியாக நிறுவியது. எங்கள் பெண்களுக்கு இது புதிதன்று. சேலைக்கடையில் கரையை மடித்து மறைத்துவிட்டு உடலின் நிறத்தைப் பார்ப்பதும், பிறகு கரையோடு சேர்த்துப் பார்ப்பதும், கடைசியில் குழல்விளக்கை நம்பாமல் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்ப்பதும் அவர்கள் அன்றாடம் செய்வதுதான். வாசலுக்குப் போவதற்கும் காரணம் உண்டு: ஒரு விளக்கின் கீழ் ஒத்துப்போகும் இரண்டு துணிகள், வெவ்வேறு சாயங்களால் ஆனவையாயின், வேறொரு வெளிச்சத்தில் ஒவ்வாமற் போகும்.

அன்றுமுதல் நான் எந்த நிறத்தையும் வாடிக்கையாளருக்குத் தனியாகக் காட்டுவதில்லை. அட்டை, எழுத்து, ஓரம் மூன்றையும் ஒரே தாளில், இறுதியில் வரப்போகும் அளவிலேயே அடித்து, கடைக்கு வெளியே நின்று பார்க்கச் சொல்கிறேன். கணினித் திரையில் காட்டி ஒப்புதல் வாங்குவதை முற்றாக விட்டுவிட்டேன். திரை தன் ஒளியைத் தானே வீசுவது. தாள் பிறர் ஒளியை வாங்கித் திருப்புவது. திரையில் கொழுந்துவிட்டு எரியும் செம்மஞ்சளும் பளிச்சென்ற வாழைக்குருத்துப் பச்சையும் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற அச்சின் நான்கு மைகளுக்குள் அகப்படாத நிறங்கள். கோயில் திருவிழா மலருக்குக் காவி நிறம் கேட்டு வருபவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது. பொன்னும் அப்படியே. நான்கு மைகளை எப்படிக் கலந்தாலும் கிடைப்பது மங்கிய கடுகு நிறந்தான். பொன்னாகத் தோன்ற வேண்டுமாயின் உலோக மையோ பொற்தாள் ஒட்டலோ வேண்டும், அதற்குத் தனிச் செலவு.

வெள்ளைக்குத் திரும்புகிறேன், அதைப்பற்றி எனக்குச் சொல்வதற்கு அதிகம் இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பொருளாதாரத் தடைக்காலத்தில், நான் பள்ளிக்கூடப் பொடியன். சவர்க்காரம் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கேட்க முடியாது. எங்கள் வெள்ளைச் சீருடையை அம்மா பனம்பழத்தில் தோய்த்தார். பழுத்து விழுந்த பழத்தைத் தோல் உரித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்தால் செம்மஞ்சட் களி வரும். அதைத் துணியில் தேய்த்துக் கல்லில் அடித்தால் சிறிது நுரைக்கவும் செய்யும், அழுக்கும் போகும். ஆனால் எத்தனை முறை அலசினாலும் ஒரு பழுப்பும் ஒரு வாசமும் துணியில் தங்கிவிடும். கொடியில் காய்ந்த சட்டையை மாடு சப்பிவிடும் என்பதால் தங்கச்சியைக் காவலுக்கு வைப்போம். ஒருநாள் அவள் நித்திரையாகிவிட்டாள். என் சட்டையின் வலக்கை முழங்கை வரை போயிற்று. அடுத்தநாள் கையை மடித்து விட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

அந்தப் பழுப்பை மறைக்க அம்மா கடைசித் தண்ணீரில் துளி நீலம் போடுவார். நீலம் போட்டால் ஏன் வெள்ளையாகிறது என்று நான் கேட்டதற்கு, "அது அப்பிடித்தான்" என்பதே பதிலாக இருந்தது. மஞ்சளும் நீலமும் கண்ணில் ஒன்றையொன்று ஈடுசெய்யும் எதிர்நிறங்கள் என்பதால் மெல்லிய மஞ்சட் சாயலை மெல்லிய நீலம் அடித்துவிடுகிறது; துணி முன்னதைவிடச் சற்றுக் கருமையாகியும் கண்ணுக்கு அதிக வெண்மையாகத் தெரிகிறது. தைப்பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பு வாளிக்குள் அப்பா சிறிது நீலத்தைக் கரைத்ததும் இதற்காகவே. இன்று கடையில் தாள் வாங்கும்போது இதே கணக்கு எனக்கு உதவுகிறது. மிக வெள்ளையாகத் தெரியும் தாளில் நீல ஒளியை உமிழும் பொருள் சேர்க்கப்பட்டிருக்கும். வருடங்கள் போக அதன் வேலை குறைந்து தாள் மஞ்சளாகும். ஆகவே நெடுங்காலம் வைத்திருக்கப்படும் கல்வெட்டுக்குத் தொடக்கத்திலேயே சற்று மங்கலான, இயற்கை வெண்மை கொண்ட தாளையே சிபாரிசு செய்கிறேன்.

வெள்ளை எப்போதும் துப்புரவைத்தான் குறிக்கும் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். யாழ்ப்பாணப் பொது நூலகத்தைக் கடந்துபோகும் எவருக்கும் அது அவ்வளவு எளிதான சொல்லாக இருக்காது. 1959இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம் 1981 மே 31ஆம் நாள் இரவில் எரிக்கப்பட்டது. 97,000 அளவிலான நூல்களும் சுவடிகளும் அழிந்தன. கரிபிடித்த சுவர்களை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். பிறகு அது பழைய வடிவிலேயே மீளக் கட்டப்பட்டு, தூய வெள்ளை பூசப்பட்டது. எரிந்த பகுதியை நினைவாக அப்படியே விட வேண்டும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள்; நூலகம் மறுபடியும் நூலகமாக இயங்க வேண்டும் என்று விரும்பியவர்களும் இருந்தார்கள். நான் அங்கே படித்து வளர்ந்த பிள்ளைகளைக் கண்டிருப்பதால் இரண்டாவது பக்கத்துக்கே சாய்கிறேன். எனினும் வெயில் சரியும் நேரத்தில் அந்த வெள்ளைச் சுவரைப் பார்க்கும்போது, அது ஒரு நிறமா, ஒரு பூச்சா என்ற கேள்வி வராமல் இருப்பதில்லை.

சிவப்பைப் பற்றி நான் அறிந்துகொண்டதற்கு ஒரு நாட்டுமருந்துக் கடை காரணம். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் இங்கிருந்து எடுத்த வருவாயில் யானை, பனைமரம், புகையிலையோடு சாயவேரும் ஒன்று என்று படித்திருந்தேன். தீவுகளிலும் மன்னார்க் கரையிலும் மணற்பாங்கான நிலத்தில் படரும் சிறு பூண்டு அது. அதன் மெல்லிய வேரைக் கிண்டி எடுப்பதற்கென்றே ஒரு சாதியார் கடமைப்பட்டிருந்தார்கள். அந்த வேர்தான் சோழமண்டலக் கரையின் துணிகளுக்குப் புகழ்பெற்ற சிவப்பைத் தந்தது. அதே பூண்டைச் சித்த மருத்துவம் இம்பூறல் என்று அழைக்கிறது. நான் அதைக் கேட்டபோது கடைக்கார ஐயா ஏற இறங்கப் பார்த்து, "இருமலோ தம்பி, இரத்தம் வருதோ?" என்று விசாரித்தார். சாயம் போட என்றதும் அவருக்குச் சிரிப்பு.

வீட்டில் இரண்டு பருத்தித் துண்டுகளை எடுத்தேன். ஒன்றை அப்படியே வேர்ப்பொடி போட்ட தண்ணீரில் கொதிக்க வைத்தேன். மற்றதை முதலில் கடுக்காய் ஊறிய தண்ணீரிலும், பிறகு படிகாரக் கரைசலிலும் தோய்த்து, காயவைத்து, அதே தண்ணீரில் இட்டேன். பானைக்குள் இரண்டும் ஒன்றுபோலவே கிடந்தன. கிணற்றடியில் அலசியபோது முதலாவது தன் நிறத்தையெல்லாம் விட்டுவிட்டு, தேத்தண்ணி சிந்திய துணிபோல் ஆயிற்று. இரண்டாவது பழுத்த செங்கட்டியின் நிறத்தில் நின்றது. சவர்க்காரம் போட்டும் அசையவில்லை. வேரில் உள்ள சாயத்தைப் படிகாரத்தின் அலுமினியம் நூலோடு பிணைத்துவிடுகிறது. வேருக்குப் பெயர் வந்தது. படிகாரத்தை எவரும் பாடவில்லை. 1868இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் கிரேபேயும் லீபர்மனும் சிவப்பு வேர்ச்சாயங்களின் முதன்மைப் பொருளான அலிசரினை நிலக்கரித் தாரிலிருந்து பெறப்பட்ட பொருளைக்கொண்டு செயற்கையாக உருவாக்கினார்கள். அதன்பின் வேருக்குத் தேவை அருகிப்போயிற்று. மணமகளின் கூறைச் சிவப்பைப் பற்றி நாங்கள் மங்கலம் என்று மட்டும் பேசுகிறோம். அதற்குள் வெயிலில் குனிந்து மணலைக் கிண்டியவர்களின் முதுகும் இருந்தது என்பதை அந்தத் துண்டு எனக்குக் காட்டிற்று.

எங்களுக்கு இன்னொரு சிவப்பும் இருக்கிறது. வலிகாமத்தின் செம்பாட்டு மண்ணில் விழுந்து எழும்பிய வேட்டியை எந்த நீலமும் மீட்காது. இரும்பின் துரு மணிமணியாக நூலுக்குள் புகுந்துவிடுகிறது. கோயில் மதிலின் காவிப் பட்டைக்கும் அதே இரும்புதான் காரணம். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் வெளிமதிலில் சிவப்பும் வெள்ளையும் மாறிமாறி வருவதைச் சத்தியும் சிவமும் என்பார்கள். வடிவமைப்பாளனாக நான் அங்கே வியப்பது வேறொன்றை: மற்றக் கோயில்களின் கோபுரங்கள் பல வண்ணங்களில் இருக்க, அங்கே கோபுரம் முழுவதும் ஒரே பொன்மஞ்சள். அருகில் இருக்கும் நிறங்களின் எண்ணிக்கையைக் குறைத்ததாலேயே அந்த மஞ்சள் தூரத்தில் வரும்போதே ஆளைப் பிடித்துவிடுகிறது. தேர்த் திருவிழாவன்று சிவப்பும் பொன்னுமாகத் தேரேறிய ஆறுமுகசுவாமி, இறங்கி வரும்போது பச்சை சாத்தி வருவார். காலை முழுவதும் வெயிலிலும் கற்பூரத்திலும் சிவந்த கண்களுக்கு அந்தப் பச்சை எவ்வளவு குளிர்ச்சி என்பதை வீதியில் நின்றவர்கள்தான் அறிவார்கள்.

பச்சை என்ற சொல்லே எங்கள் மொழியில் நிறத்தோடு நிற்பதில்லை. பச்சைத் தண்ணீர், பச்சைக் குழந்தை, பச்சை உடம்புக்காரி என்று, இன்னும் காயாத, வேகாத, ஆறாத எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். பசும்பொன் என்னும்போது பசுமை மஞ்சளின் பக்கம் போகிறது. கறுத்தக் கொழும்பான் மாம்பழத்தில் கறுப்பு எங்கே இருக்கிறது என்று தென்னிலங்கை நண்பர் ஒருவர் கேட்டார். அதன் காயின் ஆழ்ந்த பச்சையைத்தான் எங்களவர்கள் கறுப்பு என்றார்கள். ஆகவே வாடிக்கையாளர் ஒருவர் வந்து "பச்சை" என்று சொன்னால் நான் ஒன்றும் குறித்துக்கொள்வதில்லை. எதின் பச்சை என்று கேட்பேன். கிளி, வாழைக்குருத்து, மயிற்கழுத்து, பாசி என்று ஏதாவது ஒரு பொருள் வரும் வரை விடுவதில்லை. நாவற்பழம், கத்தரிப்பூ, செவ்வரத்தம்பூ, பாக்கு என ஊர்ப்பெயர் ஒவ்வொன்றுக்கும் எந்த மை எத்தனை வீதம் என்று குறித்த கொப்பி ஒன்று என் மேசையில் இருக்கிறது. என் கடையில் திருடத்தக்க பொருள் அது ஒன்றுதான். அதுவும் எப்போதும் காப்பாற்றாது. சாமத்திய வீட்டு (பூப்புனித விழா) பெனருக்கு வெங்காயக் கலர் கேட்டு வந்த சகோதரிகள் இருவருக்கிடையில் என் முன்னாலேயே சண்டை மூண்டது. அக்கா நினைத்தது எங்கள் சின்ன வெங்காயத்தின் ஊதாச் சிவப்பு; தங்கச்சி நினைத்தது பெரிய வெங்காயத்தின் செம்புத் தோல். இப்போது கொப்பியில் இரண்டு வெங்காயம் இருக்கிறது.

சமயத்துக்குச் சமயம் அயல் மாறும். கத்தோலிக்கக் குடும்பத்துக்குத் தவக்காலத்தில் ஊதா வழிபாட்டின் நிறம். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு வெள்ளை. அவர்களுடைய மணமகள் வெள்ளை உடுத்துவாள் என்பதால், நான் 2011இல் பட்ட பாட்டைக் கத்தோலிக்க அழைப்பிதழில் பட்டிருக்க மாட்டேன், ஊதாக் கோட்டைத் தவிர. இஸ்லாமியர் வீட்டுத் திருமண மட்டைக்குப் பச்சையும் பொன்னும் விருப்பமாகக் கேட்கப்படுகின்றன.

எங்கள் ஊரில் நிறம் எடுப்பவர் கவனிக்க வேண்டிய இன்னோர் அயல் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பகிர்வு பொய்யாகும். சில வருடங்களுக்கு முன் ஒரு விளையாட்டுக் கழகம் சீருடைக்குச் சிவப்பும் மஞ்சளும் கேட்டது. இவை குங்குமமும் மஞ்சளும்தான். ஆனால் கார்த்திகைப் பூவின் நிறங்களும் இவையே; மாவீரர் நாளின் கொடிகளும் இவையே. படம் வரைந்து முடித்தபின் கழகத்துப் பெரியவர் ஒருவர் தனியே வந்து, "தம்பி, மஞ்சளைக் கொஞ்சம் வெள்ளைப்பக்கம் கொண்டுபோவமே, பொடியளுக்கு வீண் கரைச்சல்" என்றார். கொண்டுபோனோம். 2021 சித்திரையில் அப்போதைய யாழ். மாநகர முதல்வர் வி. மணிவண்ணன், மாநகர சபையின் காவற் பணியாளர்களுக்கு வழங்கப்பட்ட வெளிர்நீலச் சீருடை விடுதலைப் புலிகளின் காவற்றுறைச் சீருடையை ஒத்திருந்தது என்ற காரணத்தால் கைதுசெய்யப்பட்டுப் பிணையில் விடப்பட்டபோது, அந்தப் பெரியவரின் எச்சரிக்கையை நினைத்துக்கொண்டேன். நாட்டின் கொடியும் இதற்கு விலக்கன்று. 1951இல் சிங்கக் கொடியோடு தமிழருக்காகச் செம்மஞ்சட் பட்டையும் முஸ்லிம்களுக்காகப் பச்சைப் பட்டையும் சேர்க்கப்பட்டன. கொடிக் குழுவில் இருந்த செனற்றர் ச. நடேசன் அந்த முடிவுக்கு உடன்படவில்லை. செம்மஞ்சளில் பிழை காண்பவர் எங்களில் எவரும் இல்லை. சிங்கத்தின் கட்டத்துக்கு வெளியே அது வைக்கப்பட்ட இடந்தான் இன்றுவரை பேசப்படுகிறது.

இனி, கைக்கு உதவும் சில விடயங்கள். வெயிலில் தொங்கும் பெனரிலும் சுவரொட்டியிலும் சிவப்பு மையும் மஞ்சள் மையும் முதலில் வெளிறும். நீலமும் கறுப்பும் பின்தங்கும். மின்கம்பங்களில் பழைய அறிவித்தல்களில் இருக்கும் முகங்கள் எல்லாம் நீலமாகத் தெரிவது அதனாற்றான். ஆகவே மாதக்கணக்கில் வெளியே நிற்கும் கடைப் பெயர்ப்பலகையில் முக்கியமான எழுத்தைச் சிவப்பில் மட்டும் வைத்துவிடாதீர்கள். இரண்டாவது, சிவப்பின்மேல் பச்சை எழுத்து எங்கள் பெனர்காரருக்கு மிகவும் விருப்பமானது; நிறக்குருடு உள்ள ஆண்களுக்கு அது வாசிக்கவே முடியாததாகலாம், மற்றவர்களுக்கும் கண்கூசும். தொலைபேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எழுத்து மறைந்தால் நிறத்தை மாற்றுங்கள். இணையப் பக்கங்களுக்கான அணுகல் நெறிமுறை சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் 4.5க்கு 1 என்ற ஒளிர்வு விகிதத்தைக் குறைந்தபட்சமாகக் கேட்கிறது. அதை அளந்து சொல்லும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

மூன்றாவது, பழைய ஒளிப்படத்திலிருந்து நிறம் எடுக்காதீர்கள். இருட்டில், அல்பத்துக்குள் வைக்கப்பட்ட அந்தக்கால வண்ணப்படங்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் போய்விடுவதால், எல்லாம் செம்பழுப்பாகச் சாய்ந்துவிடும். மின்கம்பத்தில் நீலமாகும் முகம் அல்பத்தில் சிவப்பாகும். இதை நான் நன்றாக அறிந்துகொண்டது, இறந்து ஒரு வருடம் நிறைவதை ஒட்டிய ஓர் ஆட்டைத்திவசக் கல்வெட்டின்போது. லண்டனில் இறந்த தாயாருக்காக அங்கிருந்த மூத்த மகள் அதைச் செய்வித்தார். அட்டை, வலிகாமம் வடக்கில் 1990இல் அவர்கள் விட்டுவந்த வீட்டின் கதவு யன்னல்களின் நிறத்தில் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே வேண்டுகோள். அவர் அனுப்பிய படத்தில் வீடு, வாழை, தாயார் எல்லாமே செங்கல் நிறத்தில் இருந்தன. இராணுவத்தின் வசம் இருந்த அந்தக் காணி விடுவிக்கப்பட்டிருந்தது. நான் மோட்டார்சைக்கிளில் போய்ப் பார்த்தேன். ஓடும் கதவும் நிலையும் இல்லை. கிணற்றடிப் பக்கத்து யன்னலின் கீழ்க்கட்டை ஒன்று மட்டும் சுவரோடு ஒட்டிக்கிடந்தது. சிறு கத்தியால் ஒரு ரூபாக் குற்றியளவு பெயின்ற்றைப் பெயர்த்து எடுத்தேன். மேலே பாசிப் பச்சை. அதை ஓரத்தில் மெல்லச் சுரண்டினால் கீழே வெளிர்நீலம். அதற்கும் கீழே முதற்பூச்சுக் காவி. பிறகு முதிரை மரம்.

வீடியோ அழைப்பில் பிடித்துக் காட்டினேன். "இது எங்கட இல்லைத் தம்பி" என்றார். அவருடைய திரையில் அது எந்தப் பச்சையாகத் தெரிந்ததோ, எனக்குத் தெரியாது. பேசிப் பயனில்லை என்று, அந்தச் சில்லைப் பஞ்சில் வைத்து, தீப்பெட்டிக்குள் அடைத்து, லண்டன் போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு கிழமை கழித்து அழைத்தார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "மேலை கிடக்கிற பச்சை அப்பா பிறகு அடிச்சது. கீழை இருக்கிற நீலம்தான் அம்மா வாழவந்த வீடு" என்றார்.

கல்வெட்டின் அட்டை அந்த வெளிர்நீலத்தில் அச்சாயிற்று. எழுத்துக்கு அந்தக் காவியையே எடுத்தேன். மாதிரியை இம்முறை தபாலிலேயே அனுப்பி ஒப்புதல் வாங்கினேன். கட்டுகளைப் பெற்றுக்கொள்ளத் தெல்லிப்பழையிலிருந்து வந்தவர் இளைய மகள். மேலிருந்த ஒன்றை எடுத்து, தாயாரின் படத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அட்டையைத் திருப்பித் திருப்பி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வடிவாய்த்தான் இருக்கு," என்றார். "ஆனா எங்கட யன்னல் பச்சையெல்லோ?"